நிலத்தின் சுவாதீனத்தை நிரூபிக்கும் முறை

தலைமுறையாக உழுது பயிரிட்டுவரும் குடியானவரின் வரப்பை அயலார் வெட்டியும், வேலியைப் பிடுங்கியும் இடையூறு செய்யுங்கால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை கோரித் தாவா தொடுக்கிறார். அந்தத் தாவாவிலே முதலாவதாக ஆராயப்படுவது, வழக்குத் தாக்கலான தேதியில் நிலம் யாருடைய சுவாதீனத்தில் இருந்தது என்பதே. கிரயப் பத்திரம் கையிலிருக்கிறதென்ற தைரியத்தில் இதனை அலட்சியம் செய்து, நியாயம் தம் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்கள் பலர் என்பது மிகவும் வருந்தத்தக்கது.

எனவே, பரிகாரத்தை முதலில் நிர்ணயிக்க வேண்டும். அனாதுல சுதாகர் வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, சட்டபூர்வமான சுவாதீனத்தில் இருப்பவருக்கு வெறும் இடையூறு மாத்திரம் நேர்ந்தால் உறுத்துக்கட்டளையே போதும். அவருடைய பாத்தியதையின் மீதே கருநிழல் படிந்திருந்தால் உரிமையை விளம்புகை செய்யும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். சுவாதீனத்தையே இழந்துவிட்டவர் அதனை மீட்டுத் தரும்படி பிரார்த்திக்க வேண்டும்.

அடுத்தது, எந்த நிலம் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுவது. வழக்குரையின் சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, விஸ்தீரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். பழைய பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்றிருப்பது, இன்றைய பட்டாவில் 0.48.5 ஹெக்டேர் என்று காணப்படும். உட்பிரிவு எண்ணும் இடையில் மாறியிருக்கக்கூடும். ஆகையால் மூலப் பத்திரத்தையும், பட்டாவையும், புலப்படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, மாறுபாடு தென்பட்டால் அதன் காரணத்தை வழக்குரையிலேயே விளக்கிவிட வேண்டும். இந்த ஒரு காரியத்துக்குச் செலவிடும் நாட்கள் வீண்போவதில்லை. ஏனெனில் அடையாளம் தவறிய சொத்துக்குப் பிறப்பிக்கப்படும் தீர்ப்பை எவராலும் நிறைவேற்ற முடியாது.

உரிமையைக் காட்டுவதற்குத் தாய்ப்பத்திரம் தொடங்கித் தம் பத்திரம் வரையிலான தொடர்ச்சியும், வில்லங்கச் சான்றும் வேண்டும். வாரிசாக வந்த சொத்தாயின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அவசியம். பட்டா வருவாய்த் துறையின் பதிவேயன்றித் தனித்து நின்று உரிமையை உண்டாக்குவதன்று.

சுவாதீனத்துக்கோ அடங்கலே பிரதானம். ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரையிலான ஒவ்வொரு பசலிக்கும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அக்கணக்கில், இன்ன புலத்தில் இன்ன பயிர், இன்ன பாசனம் என்ற விவரம் இருக்கும். தகராறு மூண்ட பின் வாங்கிய ஒரே ஒரு நகலைக் காட்டிலும், தகராறுக்கு முந்தைய பல பசலிகளின் இடைவிடாத நகல்கள் மிகுந்த மதிப்புடையன. அவற்றோடு கிஸ்து ரசீது, பம்புசெட்டின் மின் கட்டண ரசீது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் பத்திரங்கள் ஆகியவற்றையும் இணைக்கலாம். சாட்சியாக உறவினரை அழைப்பதைவிட, தினமும் அந்நிலத்தைக் கண்ணால் காணும் பக்கத்துக் காட்டுக்காரரை அழைப்பது நலம்.

எதிரிகள் வரப்பை மாற்றிவிடுவார்களென்ற அச்சமிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை 9-ஆம் விதிப்படி ஆணையரை நியமிக்கக் கோரி மனுச் செய்யலாம். நில அளவரோடு வந்து கிணறு, மரம், வேலி, பயிர் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி குறிப்பதே அவர் பணி. சுவாதீனம் யாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. இடைக்காலத் தடை கோரும் மனுவை 39-ஆம் கட்டளையின் கீழ் உடன் தாக்கல் செய்து, முதல்நோக்கில் வழக்குண்டு என்பதையும், சாதக பாதகங்களின் சமநிலை தம் பக்கம் என்பதையும், ஈடுசெய்யவொண்ணாத நஷ்டம் நேருமென்பதையும் ஆவணங்களைச் சுட்டியே கூற வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், பழைய பிரார்த்தனையோடு நின்றுவிடாமல், சுவாதீனத்தை மீட்கும் பரிகாரத்தையும் சேர்த்து வழக்குரையைத் திருத்த உடனே மனுச் செய்ய வேண்டும். வழக்கு ஏதும் தொடுக்குமுன்பே சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, உரிமையை நிரூபிக்க வேண்டிய கட்டாயமின்றியே மீட்புத் தாவா தொடுக்கலாம்; அதற்குரிய காலக்கெடு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதம்.