செய்தி வாசிக்கப் பழகலாம், வாங்க!

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல், மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. சேர விரும்பும் பிள்ளைகள் இப்போதே வீட்டில் பயிற்சியைத் தொடங்கலாம்.

● வாழப்பாடி, பள்ளிபாளையம், கொல்லிமலை: நம் ஊர்ப் பெயர்களிலேயே ழ, ள, ல மூன்றும் உண்டு. தினமும் உரக்கச் சொல்லுங்கள்.

● மேட்டூர் அணை நீர்மட்டம், நாமக்கல் முட்டை விலை இரண்டையும் நாளிதழில் பார்த்து, அரை நிமிடச் செய்தியாக எழுதுங்கள். '98.5 அடி' என்பதை 'தொண்ணூற்று எட்டரை அடி' என்று எழுதினால் நாக்கு தடுமாறாது.

● மின்விசிறியை நிறுத்தி, செல்போனை ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

● பேட்டி கொடுப்பவரின் பெயர், ஊர், பதவியை எழுதி, அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். பெயர் தவறினால் செய்தியின் நம்பகமே போய்விடும்.