கொதிக்கும் எஞ்சினும் குறைந்த செலவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

காரில் ஊற்றும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே ஓட்டத்திற்குப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும், குளிர்விக்கும் நீரோடும் வெப்பமாக வெளியேறுகிறது. நீர்வழியே செல்ல வேண்டிய வெப்பம் எங்கேனும் தடைப்பட்டால் எஞ்சின் கொதிக்கிறது. அத்தடை எங்கே உள்ளது எனக் கண்டறிவதே பாதி வேலை.

என் தாய்மாமா பழைய மாருதி 800 காரில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாரச்சந்தைகளுக்குச் செல்பவர். கார் நின்றால் அன்றைய சந்தை போயிற்று. சென்ற கோடையில் அது அடிக்கடி கொதித்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார் ஒரு பட்டறைக்காரர். அவர் கேட்ட தொகை மாமாவின் இரண்டு மாத வருமானம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகச் சோதிப்போம் என முடிவு செய்தோம். அவ்வரிசையை இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. 0.9 எனக் குறித்த மூடி, பிரஷர் குக்கரைப் போல அழுத்தத்தைத் தேக்கி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 118 டிகிரி செல்சியசுக்கு உயர்த்துகிறது. திறந்தவுடன் அழுத்தம் குறைந்து நீர் ஆவியாகச் சீறும், முகம் வெந்துவிடும். சூடான எஞ்சின் மீது குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. அலுமினிய ஹெட் திடீரெனச் சுருங்கி விரிசல் காணலாம்.

சோதனை வரிசை

1. எஞ்சின் நன்கு ஆறியபின் நீர்மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் அடிப்பகுதி, வாட்டர் பம்ப் ஆகிய இடங்களில் கசிவுத் தடம் தேடுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் நீர் குறையும்.

2. எப்போது சூடேறுகிறது எனக் கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் என்றால் விசிறியை ஐயுறலாம். வேகத்திலும் மேட்டிலும் என்றால் ரேடியேட்டர் அடைப்பையோ நீரோட்டக் குறைவையோ ஐயுறலாம். மாமாவின் கார் ரயில்வே கேட்டில் கொதித்தது; திறந்த சாலையில் முள் இறங்கியது. விசிறி மோட்டாரை நேராக பேட்டரியில் இணைத்தோம்; சுழன்றது. பியூஸும் நன்றாக இருந்தது. தெர்மோ ஸ்விட்சைத் தவிர்த்து இணைத்தபோதும் சுழன்றது. ஆகவே பழுது ஸ்விட்சில்தான்! சில நூறு ரூபாயில் புதியது மாட்டினோம், கொதிப்பு நின்றது.

3. எஞ்சின் சூடாகியும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகவில்லையா? தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். அதனுள் உள்ள மெழுகு உருகி விரிவதால்தான் வால்வு திறக்கிறது. அதைக் கழற்றி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பநிலைமானியுடன் சூடேற்றுங்கள். அதில் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறந்தால் நல்லது. பலர் இதை எடுத்தெறிந்துவிட்டே ஓட்டுகின்றனர். அப்போது எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகி, பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும்.

4. ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தால், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் உள்ளே படிவத்தை உண்டாக்கும். அப்படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சமமாகக் கலந்து ஊற்றுவதே நலம். கூலண்ட் துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சற்று உயர்த்தும்.

சிக்கனம் கூடாத இடம்

எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழிகள் வந்தாலோ, வெண்புகை நில்லாமல் வெளியேறினாலோ ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். அப்போது ஓட்டவே கூடாது. திறமையான மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கும் நூறு ரூபாய், பின்னர் ஆயிரங்களை விழுங்கிவிடும்.

நண்பர்களே! வெப்பம் கடத்தல், அழுத்தத்தால் கொதிநிலை உயர்தல், வெப்ப விரிவு ஆகியவை தேர்வுக்காக மட்டும் நாம் படிப்பவை அல்ல. காரணத்தை வரிசையாகத் தேடுபவர், தேவையற்ற செலவிலிருந்து ஒரு குடும்பத்தையே காக்க முடியும்.