கண்ணை எடுக்கச் சொன்னால்: துணை நிற்பவருக்குச் சில உண்மைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும் கிரைண்டிங் வீலும் ஓடுகிற தெருக்களில், கண்ணில் துகள் விழாத தொழிலாளி அபூர்வம். பெரும்பாலானவர்கள் கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு, மறுநாள் ஷிஃப்டுக்கு வந்துவிடுவார்கள். சிலருக்கு அப்படி முடிவதில்லை. இரும்புச் சில்லு கருவிழியைக் கிழித்து உள்ளே போய்விடும். இன்னொருவருக்குப் புண்ணில் தொடங்கிய தொற்று கண் முழுக்கப் பரவியிருக்கும். வலியே இல்லாத ஒருவருக்குக் கண்ணுக்குள் கட்டி என்று ஸ்கேனில் தெரியும். கடைசியில் ஒருநாள் மருத்துவர், "கண்ணை எடுத்துவிடுவதுதான் நல்லது" என்பார்.

அதைக் கேட்டதும் நோயாளிக்குக் காது அடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு மருத்துவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, அல்லது கணவர். வீட்டுக்கு வந்து மாமியார், கொழுந்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கம்பெனி சூப்பர்வைசர் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவரே. அவர்கள் திருப்பிச் சொல்லும் ஆறுதலிலும் பயமுறுத்தலிலும் பாதிக்கு மேல் தவறானவை. அந்தத் துணைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"கண்ணை எடுத்தா அந்த இடம் வெறும் பள்ளமாயிடும்"

கட்டைப் பிரிக்கும் நாளை நினைத்தே பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஆகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான அறுவை சிகிச்சையில் விழிக்கோளத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள். இமை, இமைமுடி, கண்ணீர்ச் சுரப்பி, விழியை அசைக்கும் தசைகள் எல்லாம் அங்கேயே இருக்கும். காலியான இடத்தில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றை வைத்து, தசைகளை அதோடு இணைத்து, மேலே சவ்வை மூடித் தைத்துவிடுவார்கள். வெள்ளைவிழியின் கூட்டை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்த முறைக்குப் போகமாட்டார்கள்.

ஆக, கட்டைப் பிரித்தால் கருங்குழி எதுவும் தெரியாது. கீழுதட்டை மடக்கிப் பார்த்தால் உள்ளே தெரியுமே, அதே இளஞ்சிவப்பு, அதே ஈரம். அதன்மேல் கன்ஃபார்மர் என்ற பிளாஸ்டிக் தகடு இருக்கும். செயற்கைக் கண் வரும்வரை இமைக்குள் இடம் சுருங்காமல் அது பார்த்துக்கொள்ளும். முதல் சில நாட்கள் வீக்கம், கன்றிய நிறம், தலைவலி, குமட்டல் இருக்கும், மருந்து தருவார்கள். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

2021இல் கருப்புப் பூஞ்சை வந்த சிலருக்குக் கண்குழியில் இருந்த எல்லாவற்றையும் அகற்ற நேர்ந்தது. அது வேறு அறுவை, அரிதானது. அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆகும் என்று முடிவு கட்டாதீர்கள்.

கட்டுப் பிரிக்கும்போது கூட இருக்கலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். தான் முதலில் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்புறம் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று அவர் சொன்னால், அதை உங்களை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பார்வை இல்லேன்னாலும் கண்ணு இருந்துட்டுப் போகட்டுமே"

இப்படிச் சொல்வது பாசம்தான். ஆனால் மருத்துவர்கள் எளிதில் கண்ணை எடுக்கச் சொல்வதில்லை. பார்வை திரும்ப வழியில்லை, வலி நிற்கவில்லை என்ற நிலையிலோ, தொற்று அடங்காத நிலையிலோ, கட்டியால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையிலோதான் அந்தப் பேச்சு வருகிறது. கட்டி என்றால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் சேரும். அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொள்ளுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. ஆடி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று தேதியை மட்டும் ஒத்திவைக்காதீர்கள். தாய்ப்பால், மூலிகைச் சாறு, எண்ணெய் எதையும் அந்தக் கண்ணில் விடாதீர்கள்.

காயம்பட்ட கண்ணைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. மிக அரிதாக, ஒரு கண்ணில் பட்ட ஆழமான காயத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டு, நல்ல கண்ணையும் தாக்கத் தொடங்கும். பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில், 3 வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஒரு கண்ணில் ஊசி குத்திக்கொண்டார். இரண்டு வருடத்துக்குள் மற்ற கண்ணும் போயிற்று. அவருக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். பார்வைக்கு வழியே இல்லாத காயக் கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பழைய விதி இந்த அச்சத்தில் பிறந்ததுதான். இன்று மருந்துகள் இருக்கின்றன, அந்த விதியைப் பற்றி மருத்துவர்களிடையே இரு கருத்தும் இருக்கிறது. நல்ல கண்ணில் கூச்சமோ மங்கலோ சிவப்போ வந்தால் உடனே ஓட வேண்டும் என்பதில் மட்டும் இரு கருத்து இல்லை.

சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது தப்பில்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை வந்துவிட்டது. நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும், எந்த முறையில் எடுக்கிறார்கள், உள்ளே உருண்டை வைப்பார்களா, செயற்கைக் கண் எப்போது, எவ்வளவு. கேட்பது நீங்களாக இருக்கலாம். சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர். கையெழுத்துப் போடும் நேரத்தில் குடும்பமே கூடி அவருக்குப் பதிலாக முடிவெடுத்துவிடுவதை நான் ஏற்கவில்லை.

"என் கண்ணுல ஒண்ணை எடுத்து அவருக்கு வையுங்க டாக்டர்"

கண்ணப்பரைக் கும்பிடும் ஊரில் இந்தச் சொல் தானாக வருகிறது. அதைச் சொன்ன மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய பதில்: அப்படி ஒரு சிகிச்சை கிடையாது அம்மா. கண்தானம் என்று எடுப்பது இறந்தவரின் கண்ணை. அதில் பார்வைக்காகப் பொருத்துவது கருவிழியை மட்டுமே. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் 10 லட்சம் இழைகள் போல இருக்கின்றன. அறுபட்டால் அவற்றைத் திரும்ப இணைத்துப் பார்வை கொண்டுவர இன்றுவரை யாராலும் முடியவில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கின் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையில், மின்சாரம் தாக்கிய ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு முழுக் கண்ணையும் பொருத்தினார்கள். உலகில் அதுதான் முதல் முறை. கண்ணுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, பார்வை வரவில்லை.

"இருக்கிற ஒரு கண்ணுக்கு வேலை ரெட்டிப்பாகும், சீக்கிரம் தேஞ்சுடும்"

தேயாது. படிப்பதாலும் டிவி பார்ப்பதாலும் கண் தேய்வதில்லை. அடிபடாமல் காப்பதுதான் முக்கியம். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுவிடுங்கள். வீட்டிலும் போடட்டும், பைக்கிலும் போடட்டும், பட்டறையில் அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் போடட்டும். வருடம் ஒருமுறை அந்தக் கண்ணைப் பரிசோதியுங்கள். கட்டிக்காக எடுத்திருந்தால், கண் போன பிறகும் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டே வர வேண்டும். கண்ணில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் பல வருடம் கழித்தும் கல்லீரலில் தலைகாட்டும் வகை.

"அவர் முன்னாடி அழாதே, அந்தப் பேச்சையே எடுக்காதே"

இந்த அறிவுரைதான் வீட்டை அதிகம் கெடுக்கிறது என்பேன். அவர் உங்களுக்காகத் தைரியமாக இருப்பதுபோல் காட்ட, நீங்கள் அவருக்காகச் சிரிக்க, இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகத் துக்கம் கொண்டாடுவீர்கள். கை கால் போனால் உறவுகள் வந்து அழுகிறார்கள். கண் போனவரிடம் மட்டும் "இன்னொரு கண்ணு இருக்கே" என்று கணக்குச் சொல்கிறார்கள். போனது போனதுதான். அறுவைக்கு முந்தைய இரவில் அவர் அழுதால் கூட அழுங்கள். நீங்கள் அழுதால் பாரம் என்று நினைக்காதீர்கள். சில நாட்களில் எரிந்து விழுவார், யாரையும் பார்க்க மறுப்பார். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

கண்ணே இல்லாத பக்கத்தில் வெளிச்சம் மின்னுகிறது, நிறங்கள் தெரிகின்றன, ஏதோ அரிக்கிறது என்று அவர் சொல்லலாம். பயந்துபோய் மந்திரிக்க அழைத்துப்போகிற வீடுகள் உண்டு. காலை இழந்தவருக்கு இல்லாத கால் வலிப்பதைப்போல இதுவும் மூளை செய்யும் வேலை, பலருக்கு வருகிறது, பெரும்பாலும் குறைந்துவிடும். இதை அவர் முதலில் உங்களிடம்தான் சொல்வார். நம்புங்கள், அடுத்த முறை மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

"இனிமே எல்லாத்தையும் நானேதான் செய்யணும்"

வேண்டியதில்லை. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடிக்கு வலக்கண் பார்வை போயிற்று. அதே வருடம் டிசம்பரில் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் நம் சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். இரண்டு மாதம் கழித்து, 21 வயதில், இந்திய அணிக்குக் கேப்டன். எல்லோரும் பட்டோடி ஆக வேண்டியதில்லை. ஒரு கண்ணோடு தூரம் கணிக்க மூளை கற்றுக்கொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம். மொத்தப் பார்வைப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதுவும் ஒரே பக்கமாக. பக்கத்தில் இருப்பவற்றின் ஆழம்தான் அதிகம் ஏமாற்றும். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும். சொம்பின் விளிம்பை டம்ளரில் தொடவைத்து ஊற்றச் சொல்லுங்கள். பிடுங்கி நீங்கள் ஊற்றாதீர்கள். சூடான காபியை நடுவானில் நீட்டாமல் மேசையில் வைத்து "இங்க வெச்சிருக்கேங்க" என்று சொல்லுங்கள். படியில் முதல் படியைக் காலால் தொட்டுப் பார்த்து இறங்கட்டும். ஆவடியிலோ பட்டரவாக்கத்திலோ மின்சார ரயில் ஏறும்போது பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி கொஞ்ச நாள் கண்ணை ஏமாற்றும். கம்பியைப் பிடித்த பிறகு கால் வைக்கட்டும். சி.டி.எச். சாலையைக் கடக்கும்போது தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

கூட்டத்தில் நடக்கும்போது நீங்கள் அவருடைய இழந்த பக்கத்தில் வாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று தொடாதீர்கள், குரல் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் இரவில் படுத்தாலும் பார்வை உள்ள பக்கத்துக்கு இடம் மாறிக்கொள்ளுங்கள். இருபது வருடமாக இடது பக்கம் படுத்தவர் வலது பக்கம் போவது சின்ன விஷயம். கண் விழித்ததும் உங்கள் முகம் தெரிவது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

வண்டியை மட்டும், கண் மருத்துவர் தகுதி பார்த்துச் சொல்லும்வரை தொட வேண்டாம். சொந்த பைக்குக்கும் பஸ், லாரிக்கும் அளவுகோல் ஒன்றல்ல என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிவு செய்யுங்கள்.

"கண்ணாடி உருண்டையை மாட்டுவாங்க, தினம் கழட்டிக் கழுவணும்"

இன்று அது கண்ணாடியும் இல்லை, உருண்டையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக் கண்ணாடிக் கண்கள் வராமல் போனபோது, அமெரிக்க ராணுவத்தின் பல் தொழில்நுட்பர்கள் பல் செட் செய்யும் அக்ரிலிக்கிலேயே கண் செய்தார்கள். இன்றும் அதே பொருள்தான், இமைக்குள் பொருந்தும் வளைந்த மெல்லிய தகடாக. அறுவை முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து, புண் ஆறியபின் அளவெடுப்பார்கள். கடையில் தயாராக இருப்பதை மாட்டுவதைவிட அவருக்கென்றே செய்வது நன்றாகப் பொருந்தும். மெழுகில் வடிவம் பார்த்து, கருவிழியைத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்டுவார்கள். வெள்ளைவிழியில் ரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு இழைகளைப் பதிப்பார்கள். அன்றைக்குக் கூடப் போங்கள். மற்ற கண்ணைப் பார்த்துத்தான் தீட்டுகிறார்கள் என்றாலும், அந்தக் கண்ணை இத்தனை வருடம் அருகில் பார்த்தவர் நீங்கள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் காபி நிறம் வேண்டும் என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள்.

தினமும் கழற்ற வேண்டியதில்லை, போட்டுக்கொண்டே தூங்கலாம். கழற்றும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழே துண்டு விரித்துக் கழற்ற வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. வருடம் ஒருமுறை பாலிஷ், ஐந்து வருடம் போலப் புதிது. கண்ணீர் வரும். அசைவும் கொஞ்சம் இருக்கும், முழு அசைவு இருக்காது.

"வந்த நேரம் சரியில்லை" "ஒத்தைக்கண் சகுனம் ஆகாது"

இரும்புச் சில்லுக்கும் மருமகள் வந்த நேரத்துக்கும் சம்பந்தமில்லை. கண்ணை இழந்தவர் மனைவியானால் பேச்சு இன்னும் கொடூரமாக இருக்கும், கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அங்கே பேச வேண்டியவர் கணவர். தன் அம்மாவிடம், தன் அக்காவிடம், எல்லோர் முன்னிலையிலும், அந்தத் தட்டைத் திரும்ப அவள் கையில் கொடுத்துப் பேச வேண்டும்.

"ஊனச் சான்றிதழ்ல தேறாது, வேறெதுவும் கிடைக்காது"

பாதி உண்மை. மற்ற கண் நன்றாக இருந்தால், அரசின் ஊன மதிப்பீட்டில் ஒரு கண் இழப்புக்கு 30 சதவீதம். பல சலுகைகளுக்கு 40 வேண்டும், எனவே அங்கே தேறாது. வேலையில் நடந்த விபத்துக்கு அட்டவணை வேறு. மற்ற கண் நல்ல நிலையில் இருக்க, ஒரு கண்ணை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணை சொல்கிறது. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30. இஎஸ்ஐ உள்ளவருக்கு அந்தக் கணக்கில் மாதாமாதம் பணம் வாழ்நாள் முழுக்க வரும். இஎஸ்ஐ இல்லாதவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். எதுவானாலும் விபத்துப் பதிவேட்டில் அன்றே பதிவு செய்யவைப்பது நல்லது. "வீட்டில் விழுந்ததாகச் சொல்லிடுங்க, ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் போன மருத்துவமனையின் சீட்டு, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, செயற்கைக் கண்ணின் ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஊனச் சான்றிதழும் விபத்து இழப்பீடும் வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு கணக்கு. ஒரு மேசையில் இல்லை என்று சொன்னதற்காக அடுத்த மேசைக்குப் போகாமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.