குழந்தைகள் மருத்துவமனையில் உளவியல் மேற்பயிற்சி

அன்புள்ள மகளுக்கு,

குழந்தைநல உளவியல் என்பது நோயுற்ற குழந்தையின் மனத்தையும், அந்த நோயோடு வாழப் பழகும் குடும்பத்தையும் மருத்துவமனைக்குள்ளேயே இருந்து கவனிக்கும் துறை. படிப்பு ஏறவில்லை, அடம் பிடிக்கிறான் என்று அழைத்து வரப்படும் குழந்தையைப் பார்ப்பது வேறு வேலை. இங்கே குழந்தை வருவது இழுப்புக்காக, வலிப்புக்காக, சர்க்கரை நோய்க்காக, ரத்தப் புற்றுநோய்க்காக. யாரும் உளவியலாளரைத் தேடி வருவதில்லை. சிகிச்சை நடக்கும் இடத்துக்கு உளவியலாளர்தான் போக வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிறகான பயிற்சியின் பெரும்பகுதி இதைக் கற்பதுதான்: மூடிய அறையில் ஒரு மணி நேரம் பேசிப் பழகியவர், பத்து நிமிடத்தில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே நின்றுகொண்டு, செவிலியர் மருந்து ஏற்றும்போதே பயனுள்ளதாக ஒன்றைச் செய்யக் கற்பது.

துறையின் வரலாறு நீண்டதல்ல. 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருத்துவ மையத்தைத் திறந்தார். ஆனால் குழந்தை மருத்துவரோடு இணைந்து பணிபுரியும் உளவியலாளர் என்ற பொறுப்பை லோகன் ரைட் விரிவாக வரையறுத்தது 1967இல்தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கம் உருவானது. அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தடையின்றிக் குழந்தையிடம் விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்கே போராடிப் பெற்ற இந்த உரிமை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நெடுங்கால வழக்கம். கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மா இல்லாத குழந்தைகள் வார்டு இங்கே இல்லை. மேலைநாட்டுப் பாடநூல்களைப் படித்துவிட்டு வருபவர் முதலில் மதிக்க வேண்டியது இந்த அம்மாவைத்தான். இருபத்து நான்கு மணி நேரமும் குழந்தையோடு இருப்பவரும், சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்க்கக்கூடியவரும் அவர் ஒருவரே.

அமெரிக்காவில் இந்த மேற்பயிற்சி ஓராண்டோ இரண்டாண்டோ நீளும். புற்றுநோய், வலி, சர்க்கரை நோய், உறுப்பு மாற்று எனத் தனித்தனிப் பிரிவுகளில் இடங்கள் உண்டு. பயிற்சி மையங்களின் சங்கம் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத் தனி மேற்பார்வையை நிபந்தனையாக வைத்திருக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம்தான் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது. குழந்தைநல உளவியலுக்குத் தனிப் பதிவு கிடையாது. உளவியலில் முனைவர் பட்டம் மட்டும் பெற்றவர் அந்தப் பதிவேட்டில் இடம்பெற முடியாது. குழுமம் ஏற்ற மருத்துவ உளவியல் படிப்பை, நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் பயின்று முடித்திருக்க வேண்டும். சென்னையைச் சுற்றி போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகமும் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இத்தகைய எம்.ஃபில். படிப்பை நடத்தி வந்தவை. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் பொதுவாக நிறுத்தினாலும், மருத்துவ உளவியலுக்குப் பின்னர் சில ஆண்டு விலக்கு அளித்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. எந்த இடத்தில் சேர்வதற்கு முன்பும் பதிவெண் கையில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வழியில் கிடைக்கும் என்பதைத் தீர்த்துக்கொள்வது முதல் வேலை. பதிவு இல்லாமல் வார்டில் கழிக்கும் ஆண்டுகள் அனுபவமாகலாம், தொழில் உரிமையாக மாறாது.

வட சென்னையிலிருந்து பார்த்தால் கற்கும் இடங்கள் தொலைவில் இல்லை. ராயபுரத்தில் பழைய மக்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்ற தகுதி அதற்கு 1938இல் வந்தது. அதோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் ராயபுரத்திலேயே. எண்ணூர் முதல் காசிமேடு வரையிலான தாய்மார்கள் பிரசவத்துக்கு வருமிடம் அது. குறைமாதக் குழந்தையின் தாய்க்குத் தேவைப்படும் துணையை அங்கே நேரில் கற்கலாம். எழும்பூர் குழந்தைகள் நல நிறுவனம் 1968 முதல் ஹால்ஸ் சாலையில் இயங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை 1978இல் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலில் வண்டி மாறி எழும்பூர் போவது எளிதாகிவிட்டது.

இடத்தின் பெயரைவிட முக்கியம் மேற்பார்வை. பட்டம் பெற்ற பிறகான இந்த ஓரிரு ஆண்டுகள்தான் ஒருவர் வேலை செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் கடைசிக் காலம். அதற்குப் பிறகு தவறுகளைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது, தவறான பழக்கமே அனுபவம் என்ற பெயரில் உறைந்துவிடும். எனவே சேருமுன் கேட்க வேண்டியவை நேரடியானவை. வாரத்தில் எத்தனை மணி நேரம், யார், எந்த நாளில் உட்கார்ந்து பேசுவார்? குழந்தையோடு இருக்கும்போது அவர் நேரில் பார்ப்பாரா, சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையசைப்பாரா? மருத்துவர்களின் காலை ரவுண்ட்ஸில் உளவியலாளருக்கு நிற்க இடமுண்டா? ஒரு நாளில் எத்தனை புத்திக்கூர்மைச் சோதனை எழுத வேண்டும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மிகப் பெரிய எண்ணாக இருந்தால் அது பயிற்சி அல்ல, சான்றிதழ் எழுதும் வேலை. உதவித்தொகை அதிகம் தரும் இடத்தையும் மேற்பார்வை நன்றாக உள்ள இடத்தையும் ஒப்பிட நேர்ந்தால், வீட்டு நிலைமை அனுமதிக்கும் மட்டும் இரண்டாவதையே தேர்வது நல்லது.

வார்டு வேலையில் முதலில் வருவது வலி. மருந்து ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுவது, முதுகில் நீர் எடுப்பது, தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது ஆகியவை நோயைவிட ஆழமாகக் குழந்தையின் நினைவில் தங்கும். நாலைந்து வயதில் குழந்தை நோயையே தான் செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனையாக எண்ணும். “சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவார்” என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தால் அந்த எண்ணம் உறுதியாகிவிடும். நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதிலாக அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார வைப்பது, என்ன நடக்கும் என்பதை அந்த வயதுக்கேற்ற சொல்லில் முன்கூட்டிச் சொல்வது, வலிக்காது என்ற பொய்யைத் தவிர்ப்பது, ஊசி ஏறும் கணத்தில் ஊதச் சொல்வது ஆகிய எல்லாமே செலவில்லாதவை, பயன் தருபவை. பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, தேறுதல் ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பிடும் அளவுகோல் 1997இல் வெளியானது. அதைச் செவிலியரோடு சேர்ந்து பயன்படுத்தக் கற்பவர், அந்த வார்டில் வெளியாளாக இருக்க மாட்டார்.

எண்ணூர், திருவொற்றியூர்க் குழந்தைகளுக்கு இழுப்பு பெரிய தொல்லை. மருந்து இருக்கும், குழந்தை எடுக்காது. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை, மூச்சு சீரானதும் அம்மா நிறுத்திவிடுவார். இன்ஹேலர் பழகினால் விடாது என்ற பயம் ஒரு பக்கம். பெண் பிள்ளை என்றால், நாளை வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமே என்ற கவலை இன்னொரு பக்கம். இதைக் கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதுவது தவறான முடிவு. யாருக்கு எதைப் பற்றிய பயம் என்று கேட்டறிந்து, பள்ளி கிளம்பும் நேரத்தோடு மருந்தை இணைத்து, அடுத்த மாதம் மறுபடி கேட்பதுதான் உளவியலாளர் செய்ய வேண்டியது. முதல் வகைச் சர்க்கரை நோயில் வளரிளம் பருவத்தினர் இன்சுலினைத் தவிர்ப்பதும், சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்து முகம் வீங்கிய பிள்ளை பள்ளி போக மறுப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு பாடம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இத்தகைய வேளைகளில் உளவியலாளரிடம் வரும் கேள்வி, “இது பயத்தில் வந்ததா?” என்பது. காற்றும் ரத்தமும் சோதிக்கப்படும் முன் ஆம் என்று சொல்வது தொழில்நெறிக்கு விரோதம். நஞ்சும் உண்மையாக இருக்கலாம், பயமும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தும் இருக்கலாம். நெடி அடித்தாலே நெஞ்சு படபடக்கும் குழந்தைக்கு உதவும்போதும், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது என்று குடும்பத்திடம் ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து உடற்காரணம் இல்லை என்று உறுதியான வலிப்பு, மயக்கத்திலும் இதுவே முறை. ‘நடிப்பு’ என்ற சொல் வார்டில் எவர் வாயிலிருந்து வந்தாலும் அதைத் திருத்துவது உளவியலாளரின் கடமை.

குடும்பத்தின் வேலை நேரம் தெரியாமல் சிகிச்சைத் திட்டம் போட முடியாது. காசிமேட்டு விசைப்படகில் போகும் அப்பா நாள்கணக்கில் கடலில் இருப்பார். துறைமுகத்திலோ லாரியிலோ வேலை என்றால் இரவு ஷிப்ட். அப்பா வருவதே இல்லை என்று குறை எழுதுவதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது அப்பா கரையில் இருப்பார், பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. குடும்பமாக உட்கார்ந்து பேச அதைவிட நல்ல காலம் இல்லை. அதேசமயம் கையில் காசு இல்லாத காலமும் அதுவே. ஆகவே வாரா வாரம் வரச் சொல்லாமல், மருந்து வாங்க வரும் நாளோடு சேர்த்துவிடுவது நல்லது. மொழியிலும் கவனம் தேவை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் தெலுங்கும் உருதும் கேட்கும். எண்ணூரில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. தொழிற்சாலைகளுக்கு வந்த வடமாநிலத்தவர் குழந்தைகள் இந்தியும் ஒடியாவும் பேசுவார்கள்.

புத்திக்கூர்மைச் சோதனைகளை நிதானமாகப் பயன்படுத்த வேண்டியதற்கு இந்த மொழி வேறுபாடும் ஒரு காரணம். பினே-காமத் சோதனை 1930களில் உருவானது. மாலினின் இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோல் 1960களின் இறுதியில் வந்தது. அவற்றின் சராசரிகள் வேறு தலைமுறைக்கு உரியவை. பல மாதம் மருத்துவமனையில் கிடந்து பள்ளியை இழந்த குழந்தையின் மதிப்பெண், அதன் அறிவையா அல்லது இழந்த வகுப்புகளையா காட்டுகிறது என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு ஆகியவையும் அதில் உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை நம்பி ஒரு குடும்பம் உதவித்தொகை எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை மாற்றக் கூடாது. மதிப்பெண்ணைச் சொல்லும் விதத்தில் பரிவு இருக்கலாம்.

சட்டத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் பற்றி அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே “நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. எதைச் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம், ஏன் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே எளிமையாகச் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. வழக்குக்குப் பயந்து உண்மையை மறைக்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் பேச்சு திறக்கும். வீடு திரும்பும் பிள்ளையின் குடும்பத்திடம் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் எழுதித் தரப்பட வேண்டும். ஒரு முயற்சிக்குப் பின் அனுப்பப்படும் பிள்ளைக்கு அடுத்த சந்திப்பு நாள் குறிக்கப்படாமல் இருக்கவே கூடாது.

ஆராய்ச்சிக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகை தருகிறது. பெரிய தலைப்பு வேண்டியதில்லை. வலி அளவுகோல் ஒன்றை வட சென்னைத் தாய்மார்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒழுங்காகப் பதிவு செய்தாலே அது நாளைய பயிற்சிக்கு உதவும். வார்டு வேலையைக் குறைத்துக் கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டுவது இந்த ஆண்டுகளில் நஷ்டம்.

பயிற்சி முடியும் நாளை மூன்று மாதம் முன்பே குழந்தைகளிடம் சொல்லத் தொடங்க வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நடக்கும், பயிற்சி அதற்குள் முடிந்துவிடும். சொல்லாமல் போனால் தான் செய்த எதனாலோ அக்கா வரவில்லை என்று குழந்தை நினைக்கும். அடுத்து வருபவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, எந்த ஊசிக்கு எந்தக் கதை பிடிக்கும், எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்பது வரை குறிப்பில் எழுதி ஒப்படைக்க வேண்டும். பணிக் குறிப்பேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் அந்தந்த மாதமே வாங்கி வைத்துவிட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா
ராயபுரம்