விருந்தினர் கடன்

விருந்தோம்பல் தமிழர்தம் பழம்பெரும் பண்பாகும். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனியதிகாரம் ஒன்றையே வகுத்துள்ளார். விருந்தினர் உள்ளம் அனிச்ச மலரினும் மென்மையானது என்பதை அவர் அவ்வதிகாரத்தில் உணர்த்துகின்றார். ஆதலின், விருந்தினரைப் பேணுவோர் கடன் யாது என்பதனை நாம் நன்கு அறிவோம். ஆயினும், விருந்தாகச் செல்வோருக்கும் கடன் ஒன்று உண்டு. அதனைப் பற்றி நாம் அத்துணை மிகுதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அயலார் நாட்டிற்குச் செல்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில் அக்கடனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

திண்டுக்கல் நகரின் நடுவே ஓங்கி நிற்கும் பாறைக் கோட்டையின் மீது ஏறி நின்று சுற்றிலும் நோக்கினால், பரந்த சமவெளி தென்படும். ஒருபுறம் சிறுமலையும் மற்றொருபுறம் தொலைவில் பழனி மலைத்தொடரும் காட்சி தரும். அச்சமவெளியின் சிற்றூர்களுள் ஒன்றிற்கு அமெரிக்க நாட்டினர் ஒருவர் விருந்தாக வருகிறார் எனக் கொள்வோம். அவர் நல்லவர், கற்றவர், நம்மவரிடம் அன்பு பூண்டவர். எனினும், வாயிலிலேயே அவருக்கு முதல் இடர் நேருகிறது. மிதியடியைக் கழற்றாமல் வீட்டினுள் நுழைந்துவிடுகிறார். உள்ளே வாழையிலை விரித்து உணவு படைக்கின்றனர். அவர் இடக்கையால் வடையை எடுக்கிறார். அதனைக் கண்ட சிறுவர் தம்முள் நகைக்கின்றனர்.

வீட்டு மூதாட்டி, “இன்னும் சிறிது சோறு இடட்டுமா, ஐயா?” என வினவுகிறார். விருந்தினர், “போதும், அம்மா” என்கிறார். மூதாட்டியோ அச்சொல்லைப் பொருட்படுத்தாமல் மீண்டும் சோற்றை இடுகிறார். நம் வழக்கில், முதன்முறை வேண்டாம் என மறுத்தல் விருந்தினரின் நாணத்தைக் காட்டும்; அம்மறுப்பைக் கடந்து வற்புறுத்தல் விருந்தளிப்பவரின் அன்பைக் காட்டும். அமெரிக்கர் வழக்கில், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதே பொருள். தம் சொல்லை இவர்கள் மதிக்கவில்லையே என அவர் உள்ளூர வருந்துகிறார். இலையில் சோற்றை மிச்சம் வைத்தாரே என மூதாட்டியும் வருந்துகிறார். இருவரும் அன்புடையோரே, இருவரும் பிழை செய்திலர். ஆயினும், இருவர் உள்ளமும் நொந்தன.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்க நாட்டிற்குச் சென்ற தமிழ் மாணவன் ஒருவன் ஒரு வீட்டிற்கு விருந்தாகச் செல்கிறான். “உண்கிறீர்களா?” என வினவுகின்றனர். அவன் தன் ஊர் வழக்கப்படி, “வேண்டாம்” என்கிறான். அவர்கள் மீண்டும் வினவவில்லை. அவன் பசியோடு திரும்புகிறான். அவ்வீட்டார் அன்பற்றவர் என அவன் எண்ணினால் அது பெரும் பிழையாகும். அவனுடைய சொல்லை மெய்யென மதித்தமையே அவர்கள் காட்டிய மரியாதை.

மொழி வேறுபட்டமையால் இத்தகைய இடர் நேர்ந்தது எனச் சிலர் கூறலாம். அஃது அன்று. ஒரே மொழி பேசும் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இடையேயும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலேயர் உண்ணும்போது கத்தியை வலக்கையிலும் முட்கரண்டியை இடக்கையிலும் இறுதிவரை பிடித்திருப்பர். அமெரிக்கருட் பலர் உணவை நறுக்கியபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முட்கரண்டியை வலக்கைக்கு மாற்றி உண்பர். அமெரிக்கர் அறிமுகமான அன்றே ஒருவரை அவருடைய இயற்பெயரால் அழைப்பர். அஃது அவர்க்கு நட்பின் அடையாளம். ஆங்கிலேயர் முற்காலத்தில், நெருங்கிப் பழகிய பின்னரே அவ்வாறு அழைத்தனர். நம் ஊரிலோ மூத்தோரைப் பெயரிட்டு அழைத்தலே பிழை. ஐயா என்றோ, அம்மா என்றோ, அண்ணா என்றோ அழைத்தல் வேண்டும்.

இத்தகைய சிறு வேறுபாடுகள் பெரும் பகையை விளைக்கக்கூடும் என்பதனை ஓர் அரசே உணர்ந்து செயற்பட்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைவீரர்கள் பெருந்தொகையினராக இங்கிலாந்திற்குச் சென்று தங்கினர். 1944ஆம் ஆண்டின் நடுவில் அவர்தம் தொகை ஏறத்தாழ 15 இலட்சமாயிற்று. அமெரிக்கப் போர்த்துறையினர் அவர்கள் கையில் படைக்கருவிகளோடு சிறு நூல் ஒன்றையும் கொடுத்தனர். ஆங்கிலேயரின் இல்லங்களில் நடந்துகொள்ள வேண்டிய முறையே அந்நூலின் பொருள்.

ஆங்கிலேயர் புகைவண்டியில் அயலாரோடு உரையாடாமல் இருப்பது செருக்கினால் அன்று என்றும், மக்கள் நெருங்கி வாழும் சிறு தீவில் ஒவ்வொருவரும் தம் தனிமையைக் காத்துக்கொள்ளப் பழகியமையே அதற்குக் காரணம் என்றும் அந்நூல் விளக்கிற்று. அமெரிக்க வீரனின் ஊதியம் ஆங்கில வீரனின் ஊதியத்தினும் மிகுதி; ஆதலின், செல்வத்தைப் பகட்டாகக் காட்டலாகாது என்று எச்சரித்தது. எவரேனும் விருந்திற்கு அழைத்தால் வயிறு நிறைய உண்ணாதே என்றும் அறிவுறுத்திற்று. இங்கிலாந்தில் 1940ஆம் ஆண்டு முதல் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. விருந்தினன் ஒருவேளை விரும்பி உண்பது, அக்குடும்பத்தினர் ஒரு கிழமை முழுவதற்கும் வைத்திருந்த உணவாக இருக்கக்கூடும். அவ்வீட்டார் தம் குறையை வாய்விட்டு உரையார். உரையாத குறையை உணர்ந்து நடத்தலே விருந்தினன் கடன் என்பது அவ்வறிவுரையின் உட்பொருள்.

அமெரிக்கர் விருந்தினராகவும் ஆங்கிலேயர் வீட்டுக்குரியவராகவும் விளங்கிய நிலை, அதற்கு நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் திண்டுக்கல் பகுதியிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சமயப்பணி செய்துவந்த அமெரிக்கர்கள் 1834ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தனர். அடுத்த ஆண்டிலேயே திண்டுக்கல்லிலும் தங்கிப் பணி தொடங்கினர். அப்போது இந்நிலப்பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சியில் இருந்தது. வெயிலின் கொடுமைக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்கர்கள் 1845ஆம் ஆண்டில் கோடைக்கானலில் இரண்டு வீடுகளை அமைத்தனர். பின்னர் ஆங்கில அலுவலர்களும் அங்கே குடியேறினர். 1875ஆம் ஆண்டில் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், இரு நாட்டினரும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர், மாட்டு வண்டிகளில் சமவெளியைக் கடந்தனர், பின்னர் மலையேறினர்.

அவ்விரு நாட்டினரும் ஒருவர் பழக்கத்தை மற்றொருவர் உற்று நோக்கியிருத்தல் கூடும். ஆனால், வண்டியோட்டியவர் யார்? மலைமீது நாற்காலியில் வைத்து அவர்களைச் சுமந்து சென்றவர் யார்? குடிக்க நீரும் இருக்க நிழலும் அளித்த நிலம் எவருடையது? அவர்கள் அனைவரையும் தாங்கியவர்கள் இச்சமவெளி மக்களே. வீட்டுக்குரியவர் என ஆங்கிலேயர் தம்மைக் கருதிக்கொண்டனர். மெய்யாக வீட்டுக்குரியவர் வாயிலில் நின்றிருந்தனர்.

முதல் உலகப்போருக்குப் பின்னர், இந்தியாவிற்கு வரும் அயல்நாட்டுச் சமயத் தொண்டர்களிடம் ஆங்கில அரசினர் உறுதிமொழி ஒன்றினைப் பெற்றனர். சட்டப்படி அமைந்த அரசிற்கு உரிய மதிப்பளித்தல் வேண்டும். அரசியலிற் கலத்தல் ஆகாது என்பன அதன் சாரம். இவ்வுறுதிமொழி, விருந்தினர் கடன் என்னும் பெயரால் அவர்தம் வாயை அடைத்தது. இந்நிலையில், நேர்மையுள்ள விருந்தினன் எவருக்குக் கடமைப்பட்டவன்? தனக்கு நுழைவளித்த அரசிற்கா? தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கா?

இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடையளித்தவர் இரால்ப் ரிச்சர்டு கெய்த்தான் என்பார். அமெரிக்கரான அவர் 1925ஆம் ஆண்டில் மதுரைப் பகுதிக்குச் சமயத் தொண்டராக வந்தார். காந்தியடிகளின் கொள்கைகளில் அவர் உள்ளம் ஈடுபட்டது. 1930ஆம் ஆண்டில், உப்பு அறப்போருக்குச் சற்று முன்னர், காந்தியடிகள் ஆங்கில அரசின் பேராளருக்கு எழுதிய மடலைக் கொண்டு சென்றவர் ரெசினால்டு ரெய்னால்ட்சு என்னும் ஆங்கில இளைஞர். அவ்விளைஞரைக் கெய்த்தான் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றுப் போற்றினார். ஓர் ஆங்கிலேயருக்கு விருந்தளித்தமைக்காக ஆங்கில அரசே சினங்கொண்டது! கெய்த்தான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் மீண்டும் வந்தார்; 1944ஆம் ஆண்டில் மறுமுறையும் வெளியேற்றப்பட்டார். நாடு உரிமை பெற்றபின் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்து, இப்பகுதிச் சிற்றூர் மக்களிடையே பணிபுரிந்து வாழ்ந்தார். ஆள்வோரின் மனம் நோகாமல் நடந்திருப்பின், அவருக்கு எவ்விடரும் நேர்ந்திராது. ஆனால், தாம் இருக்கும் வீடு எவருடையது என்பதனை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவே அவருடைய விருந்தினர் பண்பு.

அவர் பின்னர்த் தொடர்பு கொண்டிருந்த நிறுவனங்களுள் ஒன்று காந்திகிராமம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டியை அடுத்துச் சிறுமலையின் அடிவாரத்தில் அஃது அமைந்துள்ளது. மருத்துவர் தி. சு. சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். கிராமியக் கல்வி நிலையமாக 1956ஆம் ஆண்டில் வளர்ந்த அஃது, 1976ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. உலகின் பல நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் அங்கே வந்துள்ளனர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவரான மார்ட்டின் லூதர் கிங் தம் துணைவியாருடன் அங்கு வந்தார். அவர் இந்திய மண்ணில் இறங்கியபோதே, பிற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகச் செல்லலாம், இந்தியாவிற்கோ திருத்தலப் பயணியாக வந்துள்ளேன் என்னும் கருத்துப்பட உரைத்தார்.

இவ்விரு சொற்களின் வேறுபாட்டினை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுற்றிப் பார்க்க வருபவன் தன் ஊரையும் உடன் சுமந்து வருகிறான். காணும் ஒவ்வொன்றையும் தன் ஊரோடு ஒப்பிட்டு, இது குறை, அது மிகை என்கிறான். திருத்தலத்திற்கு வருபவனோ, கற்றுக்கொள்ளும் உள்ளத்தோடு வருகிறான். வாயிலில் பிறர் மிதியடியைக் கழற்றுவதைக் கண்டால், காரணம் கேளாமலே தானும் கழற்றுகிறான். உடன் உண்போர் இலையை எவ்வாறு மடிக்கின்றனர் என்று நோக்கி, அவ்வாறே மடிக்கிறான். விடைபெறும்போது, போகிறேன் என்னாமல், போய் வருகிறேன் என்னும் நம் சொல்லைக் கற்றுக் கூறுகிறான். அவன் நாவில் அச்சொல் பிறழ்ந்து ஒலிப்பினும், கேட்போர் உள்ளம் குளிர்கிறது.

எனவே, விருந்தினர் கடன் மூன்று எனலாம். முன்னே நோக்கிப் பின்னே செய்தல் முதலாவது. வீட்டார் உரையாத குறையை உணர்ந்து, அவர்க்குச் சுமையாகாமல் நடத்தல் இரண்டாவது. தாம் எவருடைய வீட்டில் இருக்கிறோம் என்பதனை ஒருபோதும் மறவாமை மூன்றாவது. முதலிரண்டும் பழக்கத்தால் வரும். மூன்றாவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

விருந்தளிப்போர்க்கும் இங்கு ஒரு பாடம் உண்டு. வடையை இடக்கையால் எடுத்த விருந்தினரைக் கண்டு சிறுவர் நகைத்தனர் அன்றோ? அச்சிறுவருள் ஒருவன் நகையாமல் அவர் அருகில் சென்று அமர்ந்து, தன் வலக்கையால் ஒரு வடையை எடுத்துப் பிட்டு உண்டு காட்டியிருந்தால், சொல்லாமலே அவர் கற்றிருப்பார், நாணமும் உற்றிரார். வழக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிறர் முகம் வாடாமல் காத்தல் என்னும் அவற்றின் நோக்கமோ எந்நாட்டிலும் ஒன்றே. நாம் அயல்நாடு செல்லுங்கால் அந்நோக்கத்தை உளத்திற் கொள்வோமாக. நம் நாட்டிற்கு அயலார் வருங்கால், அந்தச் சிறுவனைப்போல் அருகில் அமர்ந்து கற்பிப்போமாக.