விழித்திரைப் புற்றுநோய்: குணமான பின்னும் கவனம்

குழந்தையின் கண்மணியில் பூனைக்கண் போல வெள்ளொளி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கலாம். காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து விடுகிறார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு கவனிக்க வேண்டியதை, மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

உயிரணுக்கள் வரம்பு மீறிப் பெருகாமல் தடுக்கும் கடிவாளம் போன்றது, 13-ஆம் குரோமோசோமிலுள்ள ஆர்.பி.1 மரபணு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என அதில் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் பழுதானால் விழித்திரையில் இந்நோய் தோன்றுகிறது. இந்த 'இரண்டு அடி'க் கருத்தை 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் வெளியிட்டார்.

சில குழந்தைகளுக்கு ஒரு பிரதி பிறவியிலேயே உடல் முழுவதும் பழுதாக இருக்கும். இதுவே பரம்பரை வகை. பெற்றோருக்கு நோய் இல்லாமலும் இது நேரலாம். இரு கண்களிலும் நோய் வந்தவர்கள் இவ்வகையினரே. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இவ்வகையினர். கண் குணமானாலும் எலும்பு, தசை, தோல் ஆகியவற்றின் உயிரணுக்களுக்கு ஒரு கடிவாளமே மிச்சம்.

நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் சிகிச்சை பெற்ற 1,601 பேரைப் பற்றிய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நோய் கண்ட 50 ஆண்டுகளுக்குள் வேறு புற்றுநோய் வரும் அளவு பரம்பரை வகையில் 36 சதவீதம். மற்ற வகையில் 5.7 சதவீதம். பரம்பரை வகையிலேயே கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 38, பெறாதவர்களுக்கு 21. எனவேதான் இப்போது கீமோதெரபி, லேசர் முதலியவற்றைக் கையாண்டு, வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவதை மருத்துவர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. விழிப்பாக இருந்தால் போதும். மரபணுப் பரிசோதனை செய்து எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள். நீங்காத எலும்பு வலி, புதிய கட்டி, உருமாறும் மச்சம் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். புகையிலை கூடவே கூடாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்குமுன் பழைய நோயை மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரை வகையினரின் பிள்ளைகளுக்கு அப்பழுது செல்லும் வாய்ப்பு சரிபாதி. பிறந்தவுடனே கண் பரிசோதனை தேவை.

வேலை மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம்மவர்கள் சிகிச்சைக் கோப்பைத் தொலைத்துவிடுவதுண்டு. கல்யாணம் தடைப்படுமோ என்றெண்ணி, பிள்ளையிடமே நோயின் பெயரை மறைப்பவர்களும் உண்டு. அந்தக் கோப்பையும் பெயரையும் பிள்ளை வளர்ந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பின்னாளில் அவர் உயிரைக் காக்கக் கூடியவை அவை.