சராசரியில் மறைந்த உண்மை

புற்று நோய், உயிரணுவிலுள்ள ஜீன்களில் விளையும் மாறுதல்களால் தோன்றுவது. மனித உடலில் புரதங்களை ஆக்கும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000 உள்ளன. அவற்றுள் எது எந்த நோயாளியிடம் மிகுதியாகச் செயற்படுகிறது என்று அளந்தால், எண்கள் பல லட்சமாகப் பெருகும். இவற்றைக் கணிப்பொறியின் துணையால் ஆராயும் துறைக்கு உயிர்த்தகவலியல் என்று பெயர்.

இத்துறையின் முக்கியமான பாடம் ஒன்றை எளிய உதாரணத்தால் விளக்கலாம். சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பத்துக் கிணறுகள் இருப்பதாகக் கொள்வோம். எட்டுக் கிணறுகளில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் புளோரைடு உள்ளது. மற்ற இரண்டில் 3 மில்லிகிராம். சராசரி 1 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுவதால், கிராமத்து நீர் நல்லது என்று சராசரி கூறும். ஆயினும் அவ்விரு கிணறுகளின் நீரைப் பருகுவோருக்குப் பற்களும் எலும்புகளும் கெடும்.

அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் அருள் சின்னையன் புற்று நோய் ஆராய்ச்சியில் கண்டதும் இத்தகையதே. அவர் மாணவராயிருந்தபோது விஷ்வ தீட்சித் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், உயிரணுக்கள் தாமே மடியும் முறையை ஆராய்ந்தார். 1999-இல் மருத்துவப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றபின், பிராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்று நோயை ஆராயத் தொடங்கினார். பல ஆய்வுக்கூடங்கள் வெளியிட்டிருந்த அளவுகளை அவருடைய குழுவினர் ஒன்றுதிரட்டி, 2004-இல் ஆங்கோமைன் என்ற தகவற் களஞ்சியத்தை அமைத்தனர்.

நோயாளிகளின் சராசரியையும் நோயற்றோரின் சராசரியையும் ஒப்பிடுவதே அதுவரை பெருவழக்காக இருந்தது. இம்முறையில், சில நோயாளிகளிடம் மட்டும் பன்மடங்கு மிகும் ஜீன் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே சின்னையன் குழுவினர் மாதிரிகளின் இடைநிலை அளவைச் சுழியாக வைத்து, அதினின்று மிகவும் விலகி நின்றவற்றைத் தேடினர். இ.ஆர்.ஜி., இ.டி.வி.1 என்னும் இரு ஜீன்கள் அவ்வாறு வெளிப்பட்டன. ஆராய்ந்ததில், ஆண்மை ஹார்மோனால் தூண்டப்படும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற ஜீனின் முற்பகுதி இவற்றுடன் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஹார்மோன் முன்னதைத் தூண்டுந்தோறும் பின்னதும் தூண்டப்பட்டது. இம்முடிவு 2005-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று.

இதன் சிறப்பு யாது? குரோமோசோம்கள் முறிந்து ஒட்டுதல் இரத்தப் புற்று நோயில் 1973 முதலே அறியப்பட்டிருந்தது. சுரப்பிகளிலும் உறுப்புகளின் உட்படலங்களிலும் தோன்றும் பெருவாரியான புற்று நோய்களில் அதற்குப் பெரும் பங்கில்லை என்றே கருதப்பட்டது. இக்கண்டுபிடிப்பு அக்கருத்தை மாற்றியது. அதன் பயனாக, இவ்வொட்டு ஜீனின் சுவட்டைச் சிறுநீரில் காணும் சோதனையும் உருவாயிற்று.

மேனாட்டு நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் காணப்படும் இம்மாறுதல், ஜப்பானியரிடமும் சீனரிடமும் குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே ஒரு நாட்டார் பெற்ற முடிவை மற்றொரு நாட்டாருக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். நம் மக்களின் நோயை அறிய நம் மக்களின் குறிப்புகளே வேண்டும். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம் இருக்கிறது. 2022-இல் புற்று நோய்க்கெனத் தனி மருத்துவமனையும் அங்குத் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களுக்கு வரும் நோயாளியைப் பற்றிய முதற் குறிப்பு பெரும்பாலும் கிராமத்திலேயே எழுதப்படுகிறது.

களப்பணியாளர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வயதை ஊகித்து எழுதுவதும், மற்றவற்றோடு ஒவ்வாத அளவைப் பிழையெனக் கருதி அடித்துவிடுவதும் கூடா. ஐயம் தோன்றினால் மீண்டும் அளந்து, அளந்தவாறே பதிதல் வேண்டும். ஆசிரியர்கள் கிணற்றுக் கணக்கை மாணவரைக் கொண்டே செய்வித்து, சராசரியைக் கண்டபின் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நோக்கும் வழக்கத்தைப் பயிற்றலாம். ஒதுங்கி நிற்கும் ஓர் எண்ணும் ஒரு மனிதரின் நோயைக் குறிப்பதாக இருக்கக்கூடும்.